சுக்கான் யார் கையில்?

கரீபியன் கடலிலுள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், மாலுமி இல்லாமலே பாய்மரப் படகை வாடகைக்குத் தருகிறார்கள். கணவனும் மனைவியுமாகத் தாங்களே ஓட்டிக்கொண்டு உல்லாசமாகச் சுற்றலாம். புறப்படுமுன் நடக்கும் ஆயத்தத்தைப் பாருங்கள்: கணவன் கடல் வரைபடம் படிக்கிறான், மனைவி மளிகைப் பட்டியல் எழுதுகிறாள். "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பதில் இருவருக்கும் பெருமை வேறு!

அங்கே அனேகடா தீவையொட்டிய பவளப் பாறைகளில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் மோதி உடைந்திருக்கின்றன. அவற்றிலும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கத்தான் இருந்தார். அது கிடக்கட்டும். பார்த்துக்கொள்பவனே கால் இடறிக் கடலில் விழுந்தால்? பாயை இறக்கவும், எஞ்சினைக் கிளப்பவும், படகைத் திருப்பவும், வானொலியின் 16-ஆம் சானலில் உதவி கேட்கவும் தெரியாதவள் என்ன செய்வாள்? மளிகைப் பட்டியலை வாசிப்பாளா?

முதல் ஆயத்தம், அவள் கையில் சுக்கானைக் கொடுத்துப் பழக்குவதுதான். அதற்கு மனமில்லாதவன் கரையிலேயே இருக்கட்டும்.