ஞானஸ்நானத்திற்குப் பிறகு என்ன? புதிய கிறிஸ்தவர்களுக்குத் தேவை நிதானமான வழிகாட்டல்

கோலாலம்பூர் - தமிழர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "ஏன் மாறினார்கள்?" என்ற கேள்வியோடு விவாதம் நின்றுவிடுகிறது. மாறிய பிறகு அவர்களுக்கு யார் வழிகாட்டுகிறார்கள் என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால், ஒரு குடும்பம் நிம்மதியாக இருப்பதும் உடைவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மலேசிய இந்தியர்களில் 86.2 விழுக்காட்டினர் இந்துக்கள். 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க, லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் இருப்பவர்கள். பாட்டி சொல்லிக்கொடுத்த செபமும் ஞாயிறு பள்ளியும் அவர்களுக்கு வழித்துணை.

வீட்டில் முதல் ஆளாக விசுவாசத்தை ஏற்பவருக்கு அந்தத் துணை கிடையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தபோது, கோயிலைச் சுற்றியிருந்த உறவு வட்டமும் சிதறியது. கடை வீடுகளின் மாடியில் கூடும் சிறிய சபைகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின. நோயில் வந்து பார்ப்பதும், குடியில் விழுந்தவரை மீட்கப் போராடுவதும் அங்கே நடக்கின்றன. அதனால்தான் புதியவர் அங்கே கேட்பதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். வழிகாட்டுபவரின் பொறுப்பு கூடுவதும் இதனால்தான்.

உபவாசமும் மருந்தும்

முதல் சில மாதங்களில் ஆர்வம் கரைபுரளும். வாரத்தில் நான்கு இரவு கூட்டம், முழு இரவு ஜெபம், உபவாசம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யத் தோன்றும். இதில் உடனடி ஆபத்து உடல்நலம் சார்ந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு, இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் இருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். "சுகம் கிடைத்துவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தினால், சர்க்கரை ஏறி சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும். மருந்தை விடுவதுதான் விசுவாசம் என்பதற்கு வேதாகமத்திலும் இடமில்லை. பவுலின் கூட்டாளியான லூக்கா ஒரு மருத்துவர். வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சரசம் எடுத்துக்கொள்ளும்படி பவுலே தீமோத்தேயுவுக்கு ஆலோசனை சொல்கிறார்.

பத்தில் ஒன்று

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் தசமபாகம் 170 ரிங்கிட். வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவதைப் பார்த்தால், அது சிறிய தொகை அல்ல. மனமுவந்து கொடுப்பவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால், கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், தன் வீட்டாரைக் கவனிக்காதவரைக் கடுமையாகவே கண்டிக்கிறார். கடன் வாங்கிக் காணிக்கை போடும் நிலை வந்தால், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் போதகர்தான்.

அப்பாவின் கருமக்கிரியை

மிகவும் வலிப்பது குடும்பச் சடங்குகள். மூத்த மகன் கிறிஸ்தவர் என்றால், தந்தைக்குக் கொள்ளி வைப்பது யார்? தங்கை திருமணத்தில் அவர் எங்கே நிற்பார்? வீட்டுப் பிரசாதத்தை வாங்குவாரா? சபைக்குச் சபை பதில் மாறுகிறது. இந்தக் கேள்விகளைச் சாவு வீட்டில் முதன்முறையாகப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். தாயும் தந்தையும் நலமாக இருக்கும்போதே, எதில் கலந்துகொள்ள முடியும், எதில் முடியாது, முடியாத இடத்தில் வேறு எந்தக் கடமையை ஏற்க முடியும் என்று பேசி வைப்பது நல்லது. பூசையில் அமராத மகன், மருத்துவமனைச் செலவையும் சமையல் ஏற்பாட்டையும் முன்னின்று கவனித்தால், உறவினர் மனம் ஓரளவாவது ஆறும்.

பொங்கலை இறைவனுக்கு நன்றி சொல்லும் நாளாகத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆலயத்திலேயே கொண்டாடுகிறார்கள். மதம் மாறினால் மொழியும் பண்பாடும் போய்விட வேண்டும் என்பதில்லை.

அவசரம் வேண்டாம்

பழைய சபைகள் இதற்கென்று முறை வைத்திருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுப்படி, 1972இல் புதுப்பிக்கப்பட்ட கத்தோலிக்கப் புகுமுக முறையில், பெரியவர்கள் பல மாதங்கள் மறைக்கல்வி பெற்ற பிறகே பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறுகிறார்கள். அதன் பின்னும் பெந்தெகொஸ்தே வரை வழிகாட்டல் தொடர்கிறது. மெதடிஸ்ட் இயக்கம் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியபோதே, ஏறத்தாழ 12 பேர் கொண்ட சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரித்தன. சில வாரங்களில் ஞானஸ்நானம் கொடுத்துவிடும் சிறிய சபைகளும் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றத் தடையில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் விசுவாசிகளின் வாழ்க்கையில் நான்கைக் குறிப்பிடுகிறது: போதனை, ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். ஜெபம் மட்டும் இருந்து போதனை இல்லையென்றால், புதியவர் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். போதனை மட்டும் இருந்து ஐக்கியம் இல்லையென்றால், முதல் துன்பத்திலேயே தனியாகிவிடுவார்.

எனவே, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சபை ஒரு மூத்த விசுவாசியைத் துணையாக நியமிக்கலாம். அவர் கேட்க வேண்டிய கேள்விகளும் எளிமையானவை: இந்த வாரம் வேதம் வாசித்தீர்களா? மாத்திரை சாப்பிட்டீர்களா? வாடகை கட்டியாகிவிட்டதா? அம்மாவைப் போய்ப் பார்த்தீர்களா? நான்கிற்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அந்தப் புதிய விசுவாசியைப் பற்றி அவருடைய சபையோ குடும்பமோ அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.