எல்லாருக்கும் சாவின்னா பூட்டு எதுக்குங்க?

நாலு பேர் சேர்ந்து ஒரு தளம் ஆரம்பிச்சா நம்ம மக்கள் செய்யுற முதல் காரியம், நாலு பேரையும் 'அட்மின்' ஆக்குறது. ஏன்னு கேட்டா, "நமக்குள்ள நம்பிக்கை இல்லையா?"ன்னு சென்டிமென்ட் வேற!

வசதி இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது. 2005 டிசம்பர்ல வந்த வேர்ட்பிரஸ் 2.0-லயே பொறுப்பைப் பிரிச்சு வெச்சுட்டாங்க. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுத்தாளர் தன்னோடதை மட்டும் வெளியிடலாம். பதிப்பாசிரியர் அடுத்தவங்க எழுதினதையும் திருத்தலாம். ஆளைச் சேர்க்க, நீக்க நிர்வாகி.

தா.பழூர் பக்கத்துப் பசங்க சேர்ந்து நடத்தின ஒரு தளத்துல நானும் எழுதிட்டிருந்தேன். பதினோரு பேர். பதினோரு பேரும் நிர்வாகி! புதுசா வந்த தம்பி ஒருத்தர், ரொம்ப நாளா எழுதாதவங்க கணக்கையெல்லாம் நீக்கினார். நீக்கும்போது, 'இவர் எழுதினதை அழிக்கவா, வேற ஆள் பேருக்கு மாத்தவா?'ன்னு வேர்ட்பிரஸ் கேட்கும். தம்பி 'அழி'ன்னுட்டார். கொள்ளிடக்கரை ஊர்ப்பேர்களைப் பத்தி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் எழுதி வெச்சது மொத்தமும் காலி. காப்பு நகலும் கிடையாது. மனுஷர் அதுக்கப்புறம் எழுதவே இல்லை.

எல்லாரும் தம்பியைத் திட்டினாங்க. நான் கேட்கிறேன், எழுத வந்த பிள்ளை கையில அந்தப் பொத்தானைக் கொடுத்தது யாரு?

"தமிழ் விக்கிபீடியாவுல யார் வேணும்னாலும் திருத்தலாமே?"ம்பாங்க. திருத்தலாம் சாமி. ஆனா பக்கத்தை நீக்குறது நிர்வாகிகள் மட்டும்தான். திருத்தினதுக்கும் பழைய வடிவம் வரலாற்றுல பத்திரமா இருக்கும். கதவு திறந்திருக்கு, கஜானா பூட்டியிருக்கு.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துக்காரங்க நாங்க. சோழர் பெருமை பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டோம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921) என்ன சொல்லுது? ஏரிக்குத் தனி வாரியம், தோட்டத்துக்குத் தனி வாரியம். பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துலயே போடக்கூடாது. அவங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பாமலா இப்படி எழுதி வெச்சாங்க?

அனுமதிங்கிறது நம்பிக்கைக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை மக்களே, வேலைக்குக் கொடுக்கிற கருவி. களை எடுக்க வந்தவருக்குக் களைக்கொத்து போதும், வீட்டுப் பத்திரம் எதுக்கு?

இன்னிக்கே உங்க பயனர் பட்டியலைத் திறந்து பாருங்க. ரெண்டு நிர்வாகி போதும். ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர். மத்தவங்களுக்கு அவங்க செய்யுற வேலைக்கு ஏத்த பொறுப்பு. விலகினவங்க கணக்கைச் சந்தாதாரரா இறக்குங்க, எழுதினது அப்படியே இருக்கும்.

டிஸ்கி: "எனக்கு மட்டும் ஏன் அட்மின் இல்லை?"ன்னு கோவிச்சுக்கிற நண்பர்கள் பின்னூட்டத்துல வந்து திட்டலாம். அந்த அனுமதி எல்லாருக்கும் உண்டு :-)