ஐந்து முறை தோற்ற ஒருவர் நமக்குச் சொல்லும் பாடம்



ஆம்பூர், பேரணாம்பட்டு டீக்கடைகளில் நாம அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "சிங்கப்பூரைப் பாருங்க, ஒரே கட்சிதான். அதான் முன்னேறிடுச்சு. எதிர்க்கட்சி எதுக்கு? நீங்க ஜெயிக்கவா போறீங்க?"

இனி யாராவது இப்படிக் கேட்டால் ஜே.பி. ஜெயரத்தினத்தின் கதையைச் சொல்லுங்கள்.

1926-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். மலாயாவில் வளர்ந்தார், லண்டனில் சட்டம் படித்தார், சிங்கப்பூரில் நீதிபதியாக இருந்தார். அந்த வாழ்க்கையே போதும் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1971-இல் பாட்டாளிக் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். அன்றைக்கு நாடாளுமன்றத்தின் எல்லா இடமும் ஆளும் மக்கள் செயல் கட்சியிடம்தான்.

1972-இல் தோற்றார். 1976, 1977, 1979, 1980... நின்ற இடமெல்லாம் தோல்வி. ஐந்து முறை!

1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தல். துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. துறைமுக விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்ன குடும்பங்கள் கொதித்துப் போயிருந்தன. அவர்களிடம் போய் நின்றார். 653 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 75 பேர் கொண்ட சபையில் ஒரே ஒரு எதிர்க்கட்சிக் குரல்! 1984-இல் அதே மக்கள் இன்னும் அதிக வாக்கு கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கு அவர் கொடுத்த விலை? 1986-இல் கட்சிக் கணக்கு வழக்கில் ஒரு மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம். பதவி போனது. அடுத்த ஆண்டு வக்கீல் தொழிலும் போனது. 1988-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குப் பெரும் அநீதி நடந்துவிட்டது என்று சொல்லி வக்கீல் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. பதவி மட்டும் திரும்பி வரவில்லை. பிறகு அவதூறு வழக்குகள், 2001-இல் திவால். ரயில் நிலைய வாசலில் நின்று தன் புத்தகத்தைத் தானே விற்றார். கடனை அடைத்து, 2008-இல் 82 வயதில் புதுக் கட்சி தொடங்கினார். சில மாதங்களில் மறைந்தார்.

வீணாப் போச்சா? இல்லை. அவர் வளர்த்த பாட்டாளிக் கட்சி 2020-இல் 10 இடங்களைப் பிடித்தது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியை அந்த நாடு முறைப்படி ஏற்றுக்கொண்டது.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். தோல் கழிவால் பாலாறு நாசமாவதைக் கேட்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996-இல்தான் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆறு இன்னும் சுத்தமாகவில்லை; 2025-இலும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால்தான் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது.

பூத்தில் தனியாக உட்கார்ந்த தோழரே, தோற்ற அன்று வீட்டில் திட்டு வாங்கிய தோழரே, உங்கள் உழைப்பு வீண் இல்லை. நாளைக்கே கிளம்புங்கள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஷூ கம்பெனி அக்காக்களிடம் பேசுங்கள். பி.எஃப். பிரச்சினையா, குடிதண்ணீரா, காது கொடுத்துக் கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சபையில் ஒரு குரல் போதும், ஆள்கிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குரலை நாம் அனுப்புவோம்!