பாதிப் புத்தகத் தீர்ப்புகள்

மருதநாயகம் என்கிற யூசுப்கானைப் பற்றி எஸ்.சி. ஹில் 1914இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலேயே 'ரெபெல் கமாண்டன்ட்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நம் வாசகர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோஷ்டிக்கு அவர் முதல் விடுதலைப் போராளி. இன்னொரு கோஷ்டிக்குக் கும்பெனியின் கைக்கூலி.

ரெண்டுமே பாதிப் புத்தகம்தான். தாம்பரத்தில் ரயில் ஏறினால் வழியில் வருகிற பரங்கிமலையில், 1759இல் கும்பெனிக்காக பிரெஞ்சுக்காரர்களோடு மோதியவர் அவர். பூலித்தேவரை ஒடுக்கியவரும் அவர்தான். பிறகு மதுரையைக் கையில் வைத்துக்கொண்டு நவாபையும் கும்பெனியையும் எதிர்த்து, 1764இல் தூக்கில் தொங்கியவரும் அவரேதான்.

சிலை வைக்கத்தான் கறைபடாத ஆள் வேண்டும். நெற்கட்டும்செவலில் அவர் படையிடம் செத்தவர்களும், முற்றுகையில் மதுரைக் கோட்டைக்குள் பட்டினி கிடந்தவர்களும் நம்ம ஆட்கள்தானே? அதில் யாரைக் கணக்கிலிருந்து தள்ளுவீர்கள்?

முழுசாப் படிங்க பாஸ். அப்புறம் திட்டுங்க.