இல்லாளும் ஏடும்

பெண்ணைப் போற்றுதல் நமக்குப் புதிதன்று. மேடை கிடைத்தால் போதும். தாயென்றும் தாய்மொழியென்றும் தாய்மண்ணென்றும் நம் பேச்சாளர்கள் மணிக்கணக்கில் முழங்குவர். ஆண்டுதோறும் மார்ச் 8ஆம் நாள் பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. விழா முடிந்த மறுநாள் அலுவலகம் திறக்கிறது, ஏடு விரிகிறது. அந்த ஏட்டில் அவள் பெயர் எங்கே இருக்கிறது? ஒரு சமுதாயம் பெண்ணுக்கு அளிக்கும் மதிப்பை அளந்தறிய விரும்புவோர் மேடையை விட்டு ஏட்டையே நோக்க வேண்டும் என்பது என் துணிபு.

இதனை ஆராய நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. கல்முனைக்கு மேற்கே, தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் எங்கள் நற்பிட்டிமுனையே போதும். இக்கிழக்குக் கரையில் இரு சமூகத்தாருக்கும் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. வீடு மகளுக்கு உரியது. மணமகனே மனைவியின் இல்லத்துக்கு வந்து வாழ்வான். குடி என்னும் மரபும் தாய்வழியாகவே வரும். பிள்ளை தந்தையின் குடியைச் சேர்வதில்லை, தாயின் குடியையே சேரும். ‘இல்லாள்’ என்னும் சொல்லுக்கு இல்லத்தை உடையவள் என்று பொருள் கூறுவர் புலவர். அதற்கு இணையாக ‘இல்லான்’ என்று சொல்லப் புகுந்தால் பொருளற்றவன் என்றல்லவா ஆகிவிடுகிறது! பிற இடங்களில் உபசாரமாய் வழங்கும் அச்சொல், இங்கே உண்மைப் பொருளிலேயே வழங்கி வந்தது.

இவ்வழக்கில் இன்னலே இல்லை என்று நான் கூற வரவில்லை. மகளுக்கு வீடு கட்டத் தந்தையர் கடன்பட்டனர். தமையன்மார் தம் மணத்தைத் தள்ளிவைத்தனர். தாய்மார் பலர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றனர். ஆயினும் துன்பம் வந்த காலத்துத் தலைசாய்க்கத் தனக்கென ஒரு கூரை உண்டு என்னும் உறுதியைப் பெண்ணுக்கு அவ்வழக்கு தந்தது.

நிற்க. வீட்டுக்குள் உரிமை பெற்றவள், வாயிற்படி தாண்டிய பொது நிலையங்களில் எங்கே நிற்கிறாள்? பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் என்பதும், கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் என்பதும் இப்பகுதியின் பழைய முறை. குடி வருவது தாய்வழி. குடியின் சார்பில் சபையில் அமர்பவரோ ஆண்! வேர் அவளாகவும் கிளையில் அமர்வோர் பிறராகவும் இருக்கும் இந்த முரணை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

முரண் வழக்கமாய் இருந்தவரை பெருந்தீங்கு புலப்படவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்தது. அழிந்த வீடுகள் பெரும்பாலும் பெண்களின் வீடுகள். அவற்றுக்கு ஈடாக அரச காணிகளில் எழுந்த புதிய வீடுகளோ பல இடங்களில் கணவன்மார் பெயரில் எழுதப்பட்டன. சூது செய்து பறித்தவர் எவருமில்லை. படிவத்தில் இருந்த ஒரு சொல் பறித்தது. ‘குடும்பத் தலைவர்’ என்பதே அச்சொல். தலைவர் என்பது இருபாற்கும் பொதுவான சொல் என்பதை நம் மாணவர் அறிவர். அலுவலகம் அதனை ஆண்பாலாகவே படித்தது. இருவர் பெயரையும் எழுதுங்கள் என்று மகளிர் அமைப்புகள் வாதாடியபோது, ஒருவர் பெயருக்கே இடமுண்டு என்பது விடையாயிற்று. அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனையே நிறுத்தியிருந்தது. அவ்வரிசை திருத்தப்பட்டது 2022இல். கடல் கொண்டது கட்டடத்தை. உரிமையைக் கொண்டது ஏடு.

ஏனைய ஏடுகளும் இவ்வாறே. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி பதவிக்கு ஆணையே நியமிக்கலாம் என்று வகுத்தது. மணப்பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை வேண்டவில்லை. திருத்தம் ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, 2018இல்தான் அறிக்கை அளித்தது. ஒன்பதாண்டு ஆராய்ச்சி!

சட்டசபையை நோக்குவோம். 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இது. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. ஆயினும் அடலின் மொலமூரே 1931இல் சட்டசபை புகுந்தது தந்தை இறந்து வெற்றிடமான தொகுதியில். சிறிமாவோ பண்டாரநாயக்க கணவர் கொலையுண்ட பின் வந்தார். எங்கள் திகாமடுல்ல மாவட்டத்தின் பேரியல் அஷ்ரப், கணவர் எம். எச். எம். அஷ்ரப் 2000 செப்டம்பரில் விமான விபத்தில் மறைந்த பின் அடுத்த மாதத் தேர்தலில் வென்றார். வந்தோர் திறமை காட்டினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண் சபை புக ஆண் ஒருவரின் மரணம் வழிவிட வேண்டுமா? உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டளவே இருந்தனர். நூற்றுக்கு 25 என்று சட்டம் வகுத்து, 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்த பின்னரே ஊர்ச்சபைகளில் பெண்குரல் கேட்கத் தொடங்கியது. அத்தகைய ஒதுக்கீடு இல்லாத பாராளுமன்றத்தில், 2024 தேர்தலின் பின்னரும் 225 பேரில் பத்திலொரு பங்கைப் பெண்கள் எட்டவில்லை.

“ஒதுக்கீட்டால் வருவோர் தகுதியற்றோர் அல்லரோ?” என்று வினவுவார் உளர். குடிக்கொரு மரைக்காயர், குடிக்கொரு வண்ணக்கர் என்பதும் ஒதுக்கீடுதானே? அதனை எவரும் இழிவென்று சொன்னதில்லை. “சமத்துவம் மேல்நாட்டுச் சரக்கு” என்பார்க்கும் ஒரு சொல்: வீட்டைப் பெண்ணுக்கு எழுதிய நம் முன்னோர் எந்த மேல்நாட்டாரிடம் பாடம் கேட்டனர்?

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. அரச வீடும் காணியும் தம்பதியர் இருவர் பெயரிலும் எழுதப்படட்டும். குடியின் பெயரால் அமையும் சபைகளில் அக்குடியின் பெண்ணுக்கும் ஆசனம் இருக்கட்டும். கல்முனையில் பெண்கல்வி வளர்க்கும் மகளிர் கல்லூரி, கல்வியமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூத் பெயரைத் தாங்குகிறது. அப்பெரியாருக்கு அது தகும். அதனை மாற்றச் சொல்வது என் கருத்தன்று. இனி எழும் மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் சூட்டப் பெண் ஒருத்தியின் பெயர் நம்மிடம் இல்லையா என்பதே என் வினா.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! நம் பாடசாலைகளில் முதன்முதல் கற்பித்த ஆசிரியைகள் யார், ஊரின் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகள் யார், பன்பாய் இழைத்தும் தறிக்கு நூல் சுற்றியும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களை அறிந்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பொன்னாடை ஓராண்டில் மங்கிவிடும். ஏட்டில் ஏறிய பெயர் நிற்கும்.