எங்கிருந்து ஏறி வந்தோம் என்பதற்கு மார்க் உண்டா?

காரைக்கால்மேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாட்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோன வீடுகள் அப்போதுதான் கல்லூரி விண்ணப்பத்துக்கும் பணம் தேடும்.

பத்தாவதில் கணக்கில் நான் 100க்கு 46. வீட்டில் எனக்கு முன் பத்தாவதைத் தாண்டியவர் யாருமில்லை. பாடம் பிடிபடவே பதினாறு வயதாகிவிட்டது. பன்னிரண்டாவதில் 200க்கு 171 எடுத்தேன். கல்லூரி அந்த 171ஐ மட்டும் பார்த்தது. இன்று முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். அந்த 46ஐயும் சேர்த்துப் பார்த்திருந்தால்?

அப்படிப் பார்த்த ஆண்டும் உண்டு. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50%, பிளஸ் ஒன்னுக்கு 20%, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டுக்கு 30% எனத் தமிழ்நாடு அரசு மார்க் போட்டது. காரைக்கால் பிள்ளைகளும் அப்போது அந்தப் பாடத்திட்டத்தில்தான் படித்தார்கள். பெருந்தொற்றில் தேர்வு நடத்த முடியாதது உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தது யார்? படித்த பெற்றோரும் டியூஷனும் வாய்த்த பிள்ளைக்குப் பெரிய இழப்பில்லை. தாமதமாக எழுந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கோ, பாதி மார்க் பதினைந்து வயதிலேயே முடிவாகிவிட்டது.

நீட் இன்னொரு வகையில் அநீதி. பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவுக்கு 50%, எஸ்சி, எஸ்டி, ஓபிசிக்கு 40% எடுத்தால் போதும். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. 1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017இல் இழந்தோம். காரைக்காலிலேயே ஜிப்மர் கிளை இருக்கிறது, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. ஒன்றுக்கு நீட், மற்றதற்கு ஜேஇஇ. கோச்சிங் கட்டணம் இல்லாத வீட்டுக்கு இரண்டும் பார்த்துக்கொண்டே கடந்துபோகும் கட்டடங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10% உள் ஒதுக்கீட்டைப் புதுச்சேரி 2023இல் கொண்டுவந்தது. வரவேற்போம். ஆனால் அந்த இடங்களுக்குள்ளும் நீட் தரவரிசைதான்.

"அப்படியானால் தகுதி வேண்டாமா?" என்பார்கள். 1980இலேயே மண்டல் குழு அறிக்கை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரே அறிவுத்திறன் கொண்ட இரண்டு பையன்கள். மோகன் வசதியான நகரத்து வீட்டில் வளர்ந்தவன், லல்லு கிராமத்தில் வளர்ந்தவன். போட்டித் தேர்வில் லல்லு பின்தங்குவது அறிவுக் குறைவால் அல்ல, வளர்ந்த சூழலால் என்று அது விளக்கியது. 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பிளஸ் டூ மார்க்கை அடிப்படையாக வை, மாணவரின் சமூக, பொருளாதாரப் பின்னடைவையும் கணக்கிட்டு அதைச் சீர்செய் என்றது.

நாம் கேட்பதும் அதுதான். கடைசியாக எடுத்த மார்க்குக்கு மதிப்பு கொடு. அதை எந்த நிலையிலிருந்து எடுத்தார் என்பதையும் பார். இது சலுகை அல்ல, சரியான அளவுகோல். 46இலிருந்து ஏறி வந்த தூரமும் தகுதிதான். தொடக்கத்திலேயே முன்னால் நின்றதை மட்டும் தகுதி என்று அழைத்தால், அது பிறப்புக்குப் போடும் மார்க். அதற்குப் பழைய பெயர் சாதி.