தகரக் கூரைக்குக் கீழ ‘நிறையத் தண்ணி குடியுங்கோ’

போன கிழமை தங்கச்சியின்ரை ரியூசனில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறாள். பின்னேரம் மூன்று மணி, இரசாயனவியல் வகுப்பு, தகரக் கொட்டிலுக்குள் இருநூறு பேருக்குக் கிட்ட. பக்கத்தில் இருந்தவையள் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழ கிடத்தி, கொப்பியால் விசிறி, முகத்துக்குத் தண்ணி தெளித்திருக்கினம். சேர் மைக்கை நிப்பாட்டவில்லை. “காலமை சாப்பிடாமல் வந்திருப்பாள். உவளவை டயட் எண்டு பட்டினி கிடக்கிறவளவை” எண்டு சொன்னாராம். வகுப்பு சிரிச்சதாம். பிறகு அடுத்த சமன்பாடு.

தங்கச்சி இதை ஒரு பகிடியாகத்தான் வீட்டில் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏ.எல். எடுத்து ரெண்டு வருசமாகியும் அந்தக் கொட்டிலின் வெக்கை இன்னும் என்ரை முதுகில் இருக்கிறது. எங்கட பச்சிலும் ஒருத்தி விழுந்தவள். அவளுக்கும் “காலமை சாப்பிடேல்லை” எண்டுதான் சொன்னவை. விழுகிற பிள்ளையில்தான் எப்பவும் பிழை. கூரையில் பிழை இல்லை, நேரசூசியில் பிழை இல்லை.

ஒவ்வொரு பங்குனி, சித்திரைக்கும் பேப்பரிலும் முகப்புத்தகத்திலும் ஒரே கட்டுரை வரும். ‘கோடை வெயிலைச் சமாளிப்பது எப்படி?’ நண்பகலில் வெளியே செல்லாதீர்கள். தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். போதியளவு நீர் அருந்துங்கள். நிழலான, காற்றோட்டமான இடத்தில் இருங்கள். எல்லாம் சரியான அறிவுரை. ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் இதை எழுதுகிறவர் எங்கட நாளை ஒருக்கால் எண்ணிப் பார்த்தவரா? பள்ளிக்கூடம் விடுகிறது ஒன்றரைக்கு. உச்சி வெயிலில் சைக்கிள். வீட்டை வந்து சோற்றை விழுங்கிப்போட்டு ரெண்டேகாலுக்குத் திரும்பச் சைக்கிள். ரெண்டரைக்கு ரியூசன். சனிக்கிழமை எண்டால் காலமை ஏழிலிருந்து இருட்டும் வரைக்கும், ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்கு. ‘நண்பகலில் வெளியே செல்லாதீர்கள்’ என்பதை நாங்கள் யாருக்குச் சொல்ல வேணும்? எங்களுக்கா, நேரசூசி போட்டவருக்கா?

முதலில் வெக்கை என்றால் என்ன எண்டதைக் கொஞ்சம் பார்ப்போம். ஏனெண்டால் “33 பாகைதானே, இந்தியாவில 45 அடிக்குது” எண்டு சொல்லுகிற மாமாமார் எல்லா வீட்டிலும் இருக்கினம். உடம்பு தன்னைக் குளிரவைக்கிறது வேர்வையால். வேர்வை வழிகிறதால் அல்ல, அது காய்ந்து ஆவியாகிறதால். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தால் வேர்வை காயாது, சட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். நிழலில் 32 பாகையும் ஈரப்பதன் 70 வீதமும் எண்டால் உடம்புக்கு அது 40 பாகை போல. வளிமண்டலவியல் திணைக்களம் ‘வெப்பச் சுட்டெண்’ எண்டு எச்சரிக்கை விடுகிறது இந்தக் கணக்கில்தான். அந்தக் கணக்கும் நிழலுக்குரியது. நேர் வெயிலில் நிண்டால் இன்னும் 8 பாகை வரை கூடலாம். ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் தெற்கிலிருந்து வடக்காக எங்கட தலைக்கு நேர் மேலே நகர்ந்து போகும். அது போய் முடிய மே மாதக் காண்டாவனம். இந்தப் புவியியலை எல்லாம் வகுப்பில் படிப்பிக்கினம். படிப்பிக்கிற வகுப்புக்கு மேல தகரம்.

அந்தத் தகரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்க வேணும். அம்மா படிக்கிற காலத்தில் ரியூசன் கொட்டில்கள் கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்ததாம். ஓலை வெயிலை உள்ளுக்கு விடாது, இடுக்கால் சூடு மேலே போய்விடும். ஒவ்வொரு வருசமும் வேயவேணும், காசு, கரைச்சல், நெருப்புப் பயம். அதனால் தகரம் வந்தது. தகரம் மத்தியானத்துக்குக் கை வைக்கேலாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டை அப்படியே கீழ இருக்கிற தலைகளுக்கு அனுப்பும். கூரையும் பதிவு, இடுப்பளவு சுவர், ஒரு வாங்கில் ஆறு பேர். ஃபான் நாலு இருக்கும், அதில் ஒண்டு சேருக்கு. மற்ற மூண்டும் கூரையில் நிக்கிற சூட்டுக் காற்றை இழுத்து எங்களுக்கு மேல கொட்டும். காற்று உடம்பு வெப்பத்தைவிடச் சூடாக இருந்தால் ஃபான் குளிராக்காது, அவிக்கும். மாதம் மாதம் இத்தனை பேர் கட்டுகிற காசில் தகரத்துக்குக் கீழ ஒரு சீலிங் அடிக்கேலாதோ? அதுவும் வேண்டாம், தகரத்துக்கு மேல பனையோலையைப் பரப்பிவிடுங்கோ, வெள்ளைப் பெயின்ற் அடியுங்கோ. பக்கத்து வீட்டு ஐயா தன்ரை கோழிக்கூட்டுக்கு ஓலை பரப்பியிருக்கிறார். கோழி செத்தால் நட்டம் எண்டு அவருக்குத் தெரியும்.

இனித் தண்ணி. இதைப் பெட்டையள்தான் எழுதவேணும், பெடியளுக்கு விளங்காது. ‘நாளுக்கு ரெண்டு மூண்டு லீற்றர் தண்ணி குடியுங்கள்.’ குடிக்கலாம். குடிச்சதை எங்கே விடுகிறது? நான் போன ரியூசனில் ஐந்நூறு பிள்ளையளுக்கு ரெண்டு ரொயிலற். ஒண்டுக்குக் கொக்கி இல்லை. மற்றதில் வாளி இருந்தால் தண்ணி இல்லை, தண்ணி இருந்தால் வாளி இல்லை. போகிறதெண்டால் பெடியள் இருக்கிற பக்கத்தால் எழும்பி நடக்கவேணும், எல்லாரும் பார்ப்பினம், சிலவேளை சேரும் ஒரு பகிடி விடுவார். அதனால் நாங்கள் ஒரு தீர்வு கண்டுபிடிச்சோம்: தண்ணி குடியாமல் விடுகிறது. காலமை அரைக் கோப்பை பிளேன்ரீ, பிறகு வீடு வரும் வரைக்கும் தொண்டை நனைக்கிறதோடு சரி. சுகவீன நாட்களில் அதுவும் இல்லை. என்ரை சிநேகிதிகள் எத்தினை பேர் சலக்கடுப்போடும் காய்ச்சலோடும் சோதினை எழுதினவை எண்டு எனக்குத் தெரியும். டொக்டர் ஒவ்வொருத்திக்கும் சொன்னது ஒண்டுதான்: “நீங்கள் தண்ணி குடிக்கிறது காணாது.” ஓம் டொக்டர், காணாதுதான்.

பள்ளிக்கூடங்களும் தப்பேலாது. ரை, சப்பாத்து, முழங்கால் வரைக்கும் சொக்ஸ், இறுக்கிப் பின்னின ரெட்டைப் பின்னல். கழுத்து வழியாகச் சூடு வெளியேற வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு. இங்கிலாந்துக் குளிருக்குக் கண்டுபிடிச்ச உடுப்பை 34 பாகையில் கட்டாவிட்டால் ‘ஒழுக்கம் இல்லை’. காலைப் பிரார்த்தனையில் முற்றத்தில் நிக்கவைச்சு அரை மணித்தியாலம் உரை. உரையாற்றுகிறவருக்கு மேல மட்டும் பந்தல். வெப்பம் கூடின காலத்தில் மாணவரை வெளியில் விளையாட்டுகளிலும் செயற்பாடுகளிலும் ஈடுபடுத்துவதைக் குறைக்கச் சொல்லி 2024இல் கல்வி அமைச்சே அறிவுறுத்தல் அனுப்பியது. அதே வருசம் மார்ச்சில், கிழக்கில் ஒரு பள்ளிக்கூடத்து மரதனில் ஓடின 16 வயதுப் பெடியன் செத்துப்போனான். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பெண்டு நான் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ‘பிரதம விருந்தினர் வர ஒரு மணியாகும்’ எண்டு பிள்ளையளை அணிநடைக்கு நிறுத்தி வைச்சிருக்கிற ஆக்கள் இருக்கினமே, அவையளைப் பற்றித்தான் கதைக்கிறன்.

“எங்கட காலத்தில நாங்கள் இதைவிடக் கஷ்டத்தில படிச்சனாங்கள். பங்கருக்கு மேல கொட்டில் போட்டுப் படிச்சனாங்கள். குப்பி விளக்கில படிச்சனாங்கள்.” தெரியும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஆக்கள்தான் நாங்கள், அதில் எங்களுக்கு மரியாதையும் இருக்கு. ஆனால் நீங்கள் பட்ட கஷ்டம் யுத்தம் தந்தது. இது யார் தந்தது? சனி பின்னேரம் ரெண்டு மணிக்கு வகுப்பு வைக்கச் சொல்லி எந்த ஆமி வந்தது? இன்னொண்டு: அந்தக் காலத்தில் அப்பப்பா தோட்டத்துக்கு விடியப்புறம் நாலு மணிக்குப் போய், பத்து மணிக்கு முதல் இறைப்பை முடிச்சு வீட்டை வந்துவிடுவார். மத்தியானம் மோரோ பழங்கஞ்சியோ குடிச்சுப்போட்டுத் திண்ணையில் ஒரு படுக்கை. திரும்ப நாலு மணிக்குத்தான் மண்வெட்டியைத் தொடுவார். அவர் பஞ்சியில் படுக்கவில்லை. இந்த ஊரில் உச்சி வெயிலில் வேலை செய்யக்கூடாது எண்டு தெரிஞ்சபடியால் படுத்தார். பழைய காலம் பழைய காலம் எண்டுகிறவை அதை மட்டும் ஏன் மறந்தவை?

ரியூசன் நடத்துகிறவையின் பதில் எனக்குத் தெரியும்: பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வேறை நேரம் இல்லை, பிந்தி வைச்சால் பெட்டையள் இருட்டில் போகவேணும், தாய் தகப்பன் விடாயினம். இது பொய் இல்லை. லைற் இல்லாத ஒழுங்கைகளில் ஏழரைக்குத் தனியச் சைக்கிள் ஓடின எனக்கு இது நல்லாத் தெரியும். அதனால்தான் ரியூசன்காரரை மட்டும் திட்டிப்போட்டுப் போகேலாது. வீதி விளக்குப் போடாத பிரதேச சபையும் இந்த வெக்கையில் ஒரு பங்கு வைச்சிருக்கு. ஆனால் ‘மாற்றேலாது’ எண்டதை நான் ஏற்கமாட்டேன். சின்ன வகுப்புப் பிள்ளையள் அறநெறி வகுப்புக்குப் போகவேணும் எண்டு யாழ்ப்பாணத்தில் ஞாயிறு ரியூசனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தவை. ஆன்மாவுக்காக நேரசூசியை மாற்றலாம் எண்டால் உடம்புக்காகவும் மாற்றலாம்தானே. பங்குனி தொடக்கம் வைகாசி வரை மூண்டே மூண்டு மாசம், பின்னேர வகுப்பை ரெண்டரையில் இருந்து நாலுக்குத் தள்ளுங்கோ. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பத்து நிமிசம் விடுங்கோ. கொக்கி போட்ட, தண்ணி வருகிற ரொயிலற் கட்டுங்கோ. ஓ.எல். சோதினை 2024இல் மே மாதம், 2025இல் மார்ச்சில். வெக்கைக்குள்ள சோதினை வைக்கிற நாட்டில் இதுவும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

அதுவரைக்கும் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்துக்கொள்ளுகிறது எங்கட வேலை. தலையிடி, தலைச்சுத்து, சத்தி வருகிற மாதிரி, காலில் நரம்பு இழுக்கிறது, மூத்திரம் கடும் மஞ்சள் எண்டால் உடம்பு முதல் மணி அடிக்குது. நிழலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரையையும் சப்பாத்தையும் கழற்றிவிடுங்கோ. ஜீவனி பைக்கற் ஒண்டு பாக்கில் கிடக்கட்டும். இல்லாட்டி ஒரு லீற்றர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டையாக மட்டம் வைச்சு. சோடா வேண்டாம். கதை குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழிச்சால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது மயக்கம் இல்லை, வெப்ப அதிர்ச்சி. வாயில் தண்ணி ஊற்றப்படாது, புரையேறும். உடம்பு முழுக்கத் தண்ணி ஊற்றி, விசிறி, உடனே 1990க்கு அடியுங்கோ. அம்புலன்சுக்குக் காசில்லை. சேரிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கவேண்டாம்.

விழுந்த பிள்ளைக்கு இப்ப சுகம். அடுத்த வகுப்புக்கு வந்திருக்கிறாள், ஆனால் பின் வாங்கில், கரையில், வெளிக்காற்றுப் படுகிற இடத்தில். அந்த இடத்துக்கு இப்ப சண்டையாம். நேற்று ரெண்டு மணிக்குத் தங்கச்சி வெளிக்கிடேக்க போத்தலை நிரப்பிக் குடுத்தன். பாதியை ஊற்றிப்போட்டுக் கொண்டுபோறாள். ஏனெண்டு நான் கேட்கவில்லை.